அப்பாவின் சளி

பெப்ரவரி 4, செவ்வாய்
பனி. மார்க்கம் ரோட்டில் பஸ் நகரவில்லை.

அப்பா யாழ்ப்பாணம் போய் இருமலோடு திரும்பினார். நேற்று எமேர்ஜென்சி. இன்று வார்டு. நான் வேலை செய்யும் அதே மருத்துவமனை: நான் கீழே ஆய்வுகூடத்தில், அவர் மேலே ஒக்சிசனோடு. நிமோனியா என்று தெரிகிறது. எந்தக் கிருமி என்று தெரியவில்லை.

பெப்ரவரி 5
மருந்து ஏறுகிறது. காய்ச்சல் இறங்கவில்லை. டொக்டர் சளி கேட்டிருக்கிறார். வந்தால், எங்கள் இயந்திரம் கிருமியின் மரபணுவைத் தேடி அன்றைக்கே பெயர் சொல்லும். வளர்த்துப் பார்ப்பதென்றால் நாட்கள் எடுக்கும். அப்பாவிடம் நாட்கள் இருக்கின்றனவா?

பெப்ரவரி 6
வந்தது. என்னோடு வேலை செய்யும் கௌசி குப்பியை வெளிச்சத்தில் பிடித்தாள். லேபலில் அப்பாவின் பெயர்: நீக்கிலாப்பிள்ளை.

"உது உன்ரை அப்பாவோ? தண்ணி மாதிரிக் கிடக்குது."

எச்சில். நுரை. லேசான நீலம் – வாய் கொப்பளிக்கும் திரவம். நெஞ்சிலிருந்து வந்தது எதுவுமில்லை.

"சும்மா மெசினிலை ஓட்டிப் பாப்பமே? உனக்காக."

ஓட்டினால் 'எதுவும் இல்லை' என்று வரும். டொக்டர் நம்பிவிடுவார். எச்சிலில் இல்லாதது நுரையீரலிலும் இல்லை என்றாகிவிடும்.

"வேண்டாம். றிஜெக்ட்."

சொன்னது நான்தான். குப்பியைக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டு, புதுச் சளி கேட்டு வார்டுக்கு எழுதினேன்.

அதே நாள், மாலை
அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது.

"அப்பான்ரையை நீயே எறிஞ்சனியோ? ஊராற்றை எல்லாம் பாக்கிறாய், பெத்த தேப்பன்ரை மட்டும் உனக்குக் கூடாதோ?"

ஒக்சிசனைக் கூட்டியிருக்கிறார்கள். நான் செய்தது சரியா? சரிதான். சரியாக இருந்து என்ன பிரயோசனம் –

பெப்ரவரி 7, வெள்ளி
வேலைக்கு முன் மேலே போனேன். என்ன செய்தீர்கள் என்று அப்பாவிடம் கேட்டேன்.

"வடிவாப் பல்லு மினுக்கி, வாய் கொப்பளிச்சுத்தான் குடுத்தனான்." மூச்சு வாங்குகிறது. ஆனாலும் பெருமை. "மற்றாக்களிட்டை ஊத்தையைக் குடுக்கிறதே?"

பூசைக்கு வெளிக்கிடுவதுபோல் வெளிக்கிட்டிருக்கிறார்.

"ஊத்தைதான் வேணும், அப்பா. அடியிலை கிடக்கிறது."

"அந்த நேர்ஸ் பிள்ளைக்கு முன்னாலையோ?"

நேர்ஸை வெளியே நிற்கச் சொன்னேன்.

"நீயும் அங்காலை திரும்பி நில்லு."

ஜன்னல் பக்கம் திரும்பினேன். இருமல். மறுபடி இருமல். கட்டில் அதிரும் சத்தம். போதும் என்று சொல்ல வாய்வரை வந்தது.

"இன்னும், அப்பா. நெஞ்சுக்கை இருந்து."

"கொலைகாறி," என்றார். துப்பினார்.

தடிப்பு. மஞ்சள். ஒரு கீற்று இரத்தம். இவ்வளவு நல்ல மாதிரியை நான் பார்த்ததில்லை.

அதே நாள், பிற்பகல்
கௌசி ஓட்டினாள். நான் தொடவில்லை.

கிருமியின் பெயர் க்ளெப்சியெல்லா. கூடவே, அப்பாவுக்கு ஏறிக்கொண்டிருக்கும் மருந்தை உடைக்கும் மரபணு. ஏற்றியது எதுவும் அதற்கு உறைக்கவேயில்லை. எச்சிலை ஓட்டியிருந்தால்? – யோசிக்க மாட்டேன். கௌசி வார்டுக்குப் போன் எடுத்தாள். டொக்டர் மருந்தை மாற்றிவிட்டார்.

பெப்ரவரி 8
காய்ச்சல் அப்படியே. அம்மா என்னோடு பேசவில்லை.

பெப்ரவரி 9
கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கொஞ்சம்தான்.

பெப்ரவரி 14
மூக்கிலிருந்த குழாயைக் கழற்றிவிட்டார்கள். அப்பா மீன்குழம்பு கேட்கிறார். கொண்டுபோன கஞ்சியைத் தள்ளிவைக்கிறார்.

அம்மா கதிரையில் இருந்தபடி போனில் கதைத்துக்கொண்டிருந்தாள். மறுமுனையில் பக்கத்து அப்பார்ட்மென்ட் றீற்றா அன்ரி. அவருக்கும் இருமலாம், சளி கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்களாம்.

"இஞ்சை பாரும் றீற்றா," என்றாள் அம்மா. நான் நிற்பதைக் கவனிக்கவில்லை. "என்ரை பிள்ளை அதைச் சரியில்லையெண்டு எறிஞ்சால் கோவியாதையும். திரும்பக் குடும்."