அத்தாவைக் குளிப்பாட்ட ஓர் ஆள்

என் அம்மாவுக்கு, மண்ணுக்குள் இருந்தாலும் என் சத்தம் உனக்குக் கேட்கும் என்ற நம்பிக்கையில் உன் ஜெய்னு சலாம் சொல்லி எழுதுகிறேன்.

நம் வீட்டில் பெண்கள் அடக்கம் செய்த கபரடிக்குப் போகும் வழக்கமில்லை. போக முடிந்தால் அங்கேயே உட்கார்ந்து சொல்லியிருப்பேன். படித்துவிட்டு, "இம்புட்டுக் கஷ்டமாடி?" என்று மட்டும் கேட்டுவிடாதே. அழுதுவிடுவேன்.

அத்தா இருக்கிறார். நன்றாகச் சாப்பிடுகிறார். என் பெயர் போய்விட்டது, துபாயில் இருக்கும் தம்பி சலீமின் பெயரும் போய்விட்டது. மறதி நோய் என்றால் பேரை மறப்பார், வழியை மறப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். கட்டிலிலிருந்து எழுந்திருக்கிற விதத்தைக்கூட மறந்துபோவார் என்று யார் கண்டது? எழுப்ப, கக்கூஸில் உட்காரவைக்க, மறுபடி எழுப்ப, ஈரக் கைலியை மாற்ற, எல்லாவற்றுக்கும் என் இரண்டு கைதான். உன் மருமகன் லாரியை எடுத்துக்கொண்டு போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. தோல் மண்டியில் கட்டுக்கட்டாகச் சுமந்த உடம்பு அம்மா அத்தாவுக்கு. அய்யலூர் சந்தையில் ஆட்டைக் கையில் தூக்கிப் பார்த்தே எடை சொன்ன மனுஷனை நான் எங்கே பிடித்துத் தூக்குவது?

தொட்டால் பயந்துபோய் என் முடியைப் பிடித்துக்கொள்கிறார். "ஏம்மா, நீ யாரு வீட்டுப் பொம்பள? ஆம்பள கைலியத் தொடுறியே!" என்கிறார். நியாயமான கேள்விதானே? கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேதான் மாற்றிவிடுகிறேன். மகளென்று சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்.

ஒளு மட்டும் மறக்கவில்லை. ஆனால் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்தது மறந்துவிடும். கையைத் துடைப்பதற்குள் மறுபடி குழாயடிக்குப் போவார். தரையெல்லாம் தண்ணீர். வழுக்கி விழுந்துவிடுவாரே என்று ஒருநாள் டேங்க் வால்வை மூடிவைத்தேன். பெரிய புத்திசாலி நான்! தண்ணீர் கிடைக்காவிட்டால் மண்ணைத் தொட்டு முகத்தில் தடவிக்கொண்டு தொழலாம் என்று சின்ன வயதில் ஓதிக்கொடுத்தது எனக்கு மறந்துபோயிற்று, அவருக்கு மறக்கவில்லை. குழாயைத் திருகிப் பார்த்தார். வரவில்லை. விறுவிறுவென்று தெருவில் இறங்கி, எதிர்வீட்டுக் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலில் மண்டிபோட்டு, இரண்டு கையையும் தட்டி முகத்தில் தடவினார். அதற்குப் பிறகு எழத் தெரியாமல் அப்படியே சரிந்தார்.

ஓடிப்போய்க் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினேன். இடுப்பில் மளுக்கென்று ஒரு சத்தம். நானும் அவர் பக்கத்திலேயே விழுந்தேன். கொத்தனார்கள் வந்துதான் எங்கள் இரண்டு பேரையும் தூக்கிவிட்டார்கள்.

"இனிமே தண்ணிக் குடம்கூடத் தூக்கக் கூடாதும்மா. படுத்து ரெஸ்ட் எடுங்க" என்றார் டாக்டர்.

"நான் படுத்தா அவரை யாரு சார் தூக்குறது?"

"வீட்டுல வேற யாரும் இல்லையா?" என்று கேட்டுவிட்டு, மாத்திரையும் இடுப்புக்கு ஒரு பெல்ட்டும் எழுதிக் கொடுத்தார்.

அத்தாவின் தங்கை, அதான் என் மாமி, எரியோட்டிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். "பெத்தவருக்குச் செய்யிறியேடி, எம்புட்டு நன்மை! சொர்க்கம் உனக்குத்தான்" என்றார்கள். "அந்த நன்மையில பாதிய நீங்க எடுத்துக்கங்க மாமி, அந்தக் காலைச் செத்த பிடிங்க" என்றேன். மாமிக்கு முட்டிவலி. டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புகிற இடத்தில் கேட்டால், பெண்கள்தான் இருக்கிறார்கள், ஆம்பிளை ஆளுக்கு மதுரையில் கேளுங்கள் என்றார்கள். இந்தக் கூத்தில் அத்தா குளிக்கவேயில்லை. ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. முதுகில் புண் வைத்துவிட்டது. அதைப் பார்த்த அன்றைக்கு அடுப்படியில் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

நீ மௌத்தான அன்று, கூப்பிடாமலே உன்னைக் குளிப்பாட்ட எத்தனை பெண்கள் வந்தார்கள்! ஒருத்தி தலையைத் தாங்க, ஒருத்தி தண்ணீர் ஊற்ற, ஒருத்தி துணி பிடிக்க. "மெல்லத் திருப்பு, வலிக்கப் போகுது" என்றுகூட ஒருத்தி சொன்னாள். உயிரோடு இருக்கிறவருக்கு ஏனம்மா ஒருத்தரும் வரவில்லை? அந்த ஆத்திரத்தில்தான் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு மஸ்தான் பாய் வீட்டுக்குப் போனேன். நம் மஹல்லாவில் மௌத்தான ஆண்களின் மையத்தைக் குளிப்பாட்டுகிறவர் அவர்தானே.

என்னை வாசலில் பார்த்ததும், மௌத்துச் செய்தி என்று நினைத்து, "இன்னா லில்லாஹி" என்று ஆரம்பித்துவிட்டார்.

"ஐயோ, இல்ல பாய்! அத்தா இருக்காரு. அவரைக் குளிப்பாட்டத்தான் ஆள் வேணும்."

"உசுரோட இருக்கிறவங்களை நான் குளிப்பாட்டுனதில்லையேம்மா. ஊரு என்னான்னு பேசும்?"

"எனக்கு முடியல பாய்" என்றேன். வேறென்ன சொல்வது?

"வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு முந்தி வாரேன்" என்றார்.

மாமி போனில் கத்தினார்கள். "ஏன்டி, எங்கண்ணன் எப்ப போய்ச் சேருவாருன்னு பாக்குறியா? மையத்துக் குளிப்பாட்டுறவரை வீட்டுக்குள்ள விடுறியே!" நான் கட் பண்ணிவிட்டேன்.

சொன்னபடி மஸ்தான் பாய் தன் மச்சானையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். ரெக்ஸின் விரித்து, வெந்நீர் விளாவி வைத்தேன். அத்தா அவரை உற்றுப் பார்த்தார். "வாங்க மஸ்தான் பாய்" என்றாரே பார்க்கலாம்! என் பேர் தெரியாதவருக்கு அந்தப் பேர் தெரிகிறது.

"நம்ம வீட்டுல யாரு மௌத்து?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல பாய். உங்களைத்தான் குளிப்பாட்ட வந்தேன்."

அத்தா "சரி" என்று சொல்லி மல்லாந்து படுத்தார். காலை நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். என்னிடம் அத்தனை முரண்டு பிடிக்கிறவர் அம்மா! அவர் என்ன நினைத்துக்கொண்டார் என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது.

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றேன். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. நடுவில் அத்தாவின் குரல், ரொம்பத் தெளிவாக: "எங்க வீட்டுக்காரிக்குத் தகவல் சொல்லியாச்சா? பாவம், பதறிப்போவா."

"சொல்லிர்றேன் அத்தா" என்று வெளியிலிருந்தே சொன்னேன். அதற்குத்தான் இந்தக் கடிதம். பதறாதே அம்மா, அத்தா இருக்கிறார். குளித்து, வெள்ளைக் கைலி கட்டி, தூங்குகிறார். வெள்ளிக்கிழமைக்கு ஆள் கிடைத்துவிட்டது. மற்ற நாள்களுக்கு யார் வாசலில் போய் நிற்பேன் என்றுதான் தெரியவில்லை.

உனக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். அவரை விழவிடாமல் பார்த்துக்கொள்வேன் என்று வாக்குக் கொடுக்க என் இடுப்பில் பலமில்லை. விழுந்தால் தூக்கவும் முடியாது. யாராவது வருகிறவரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே தரையில் உட்கார்ந்திருப்பேன். அது சத்தியம்.

அவருக்கு யாரோ ஒரு பொம்பளை,
உனக்கு மூத்த மகள்,
ஜெய்னம்பு