பாஸ்போர்ட்டுல இருக்குற பெருவிரல்

12.3.2003, புதன்

இன்னும் ஆத்திரம் அடங்கலை. குவைத்துக்கு வேலைக்குப் போறதுக்கு முந்தி, அனுப்புற சம்பளம் என் பேருக்கே வரணும்னு பலாங்கொடையில பேங்க் கணக்கு தொறக்கப் போனேன். தேயிலைத் தோட்டத்துலருந்து வந்திருக்கேன்னதுமே அங்க கவுண்டர்ல இருந்த சிங்கள மஹத்தயா கைநாட்டு வைக்கிற மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினாரு. "மட்ட அத்சன் கரன்ன புளுவன்"னு, எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்னு சிங்களத்துலயே சொன்னேன். அவரு என் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் காட்டினாரு. அதுல இருந்தது கைநாட்டு.

பாஸ்போர்ட் எடுத்த அன்னைக்கு, ஏஜென்டோட ஆளு ஒரு வார்த்தை கேக்காம என் விரலைப் பிடிச்சு மையில அமுக்கிட்டான். "தோட்டத்துப் பொம்பளைங்களுக்கு இதுதான் லேசு"ன்னான். எங்க லயத்து வீடுகள்ல பாதிப் பேருக்குக் கடுதாசி எழுதிக் குடுக்குறவ நான்!

"அதுல எப்படியோ, இங்கயும் அப்படித்தான்"னாரு மஹத்தயா. வேற வழியில்லாம வெச்சேன்.

வீட்டுக்கு வந்து சொன்னா இவரு சிரிக்கிறாரு. "கணக்கு தொறந்தாச்சில்ல, விடு புள்ள."

எப்படி விடுறது? சவக்காரம் போட்டுத் தேய்ச்சும் மை போகலை. இந்தப் பக்கத்துக்கு யாரும் பாஸ்போர்ட் கேக்க மாட்டாங்க. கையெழுத்துப் போடுறேன்.

பெ. செல்வராணி