அசைவில்லாத பதினாறு முட்டைகள்

நாள் 16. காலை 06:10

ஒதுக்கு நிலையம் 2, செவ்வாய்க் கோள். இன்குபேட்டர் வெப்பம் 37.6 பாகை. ஈரப்பதம் 54. பேட்டரி 91 சதவீதம்.

எழுதுபவர்: இருதயராஜ், வயது 68, கால்நடைக் கல்லூரியில் ஓய்வுபெற்ற பேராசிரியர். எனக்குப் பிறகு இங்கே வருபவர் படிப்பதற்காக எழுதுகிறேன். நாட்களை முட்டைகளை இன்குபேட்டரில் வைத்ததிலிருந்து எண்ணுகிறேன்; இருபத்தொன்றாம் நாள் பொரிக்கும். இக்குறிப்பேட்டில் வருபவை:

1. முட்டைகளின் எண்ணிக்கையும் இனமும்.
2. முட்டைகளைத் திருப்பும் முறை.
3. பதினெட்டாம் நாளுக்குப் பிறகு மூடியைத் திறக்காமை.
4. செத்த முட்டையை அறியும் முறை. விளக்கொளியில் இரண்டு முறை பார்த்தும் அசைவு இல்லையென்றால் உள்ளே உயிர் இல்லை. முப்பது ஆண்டுகள் இதைத்தான் கற்பித்தேன்.

முதலாவது. மேல்தட்டில் பெருவிடை 12, கருங்கோழி 8. கீழ்த்தட்டில் சிறுவிடை 6, கழுத்தில் இறகில்லாத கழுத்தறுத்தான் இனம் 10. மொத்தம் 36. எங்கள் குடியிருப்பான பெருங்குடிலில் இருந்த கோழிகள் எல்லாம் மூச்சுக்காய்ச்சலில் செத்தன. அவை கடைசியாக இட்ட முட்டைகளைத் துடைத்து, அறுபது கிலோமீட்டர் தள்ளி, நோய் தொடாத இந்த நிலையத்துக்கு என்னோடு அனுப்பினார்கள். இவை பொரிக்காவிட்டால் இந்தக் கோளில் இனிக் கோழி இல்லை.

என்னை அனுப்பியதற்குக் காரணம் என் படிப்பு மட்டும் அல்ல. பெருங்குடிலில் கோழிக்கூட்டின் பக்கம் போகாதவன் நான் ஒருவன்தான்; அதனால் என் உடையில் கிருமி இல்லை. ஏன் போகவில்லை என்று யாரும் கேட்கவில்லை. யாரும் கூப்பிடவில்லை, கூப்பிடாமல் போகக் கூச்சமாக இருந்தது.

இரண்டாவது. ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் பென்சிலால் வட்டம், மறுபக்கம் பெருக்கல் குறி. நாளுக்கு ஐந்து முறை திருப்ப வேண்டும்.

நாள் 16. மாலை 17:55

தொடர்புத் துணைக்கோள் நாளுக்கு ஒருமுறை, 17:40க்கு, தலைக்கு மேல் வரும். எட்டு நிமிடம் பேசலாம். இன்று பேசியவர் மரகதம், பெருங்குடிலின் மின்பொறியாளர், தாராபுரத்துக்காரர். கீழ்த்தட்டு முட்டைகள் எல்லாம் அவர் தம் அறைக்குப் பின்னால் வளர்த்த கோழிகள் இட்டவை.

"வாத்தியாரய்யா, மேற்கால தூசி கெளம்புதுங்க. இங்க பேட்டரி ஒண்ணு சும்மா கெடக்குது. நாளைக்கு வெள்ளென வண்டில கொண்டாந்து வாசல்லயே வெச்சுட்டுப் போகட்டுங்களா?"

"வேண்டாம் அம்மா. உங்களுக்கு எதற்குச் சிரமம்?"

"செரிங்கய்யா. எங்க மொட்டைக்கழுத்துகள நல்லாப் பாத்துக்கோங்க. பொறிஞ்சா எதுக்கும் எம் பேர வெச்சராதீங்க, அப்பறம் ஆரையாச்சும் கொத்தீரும்."

தொடர்பு முடிந்தது.

பேட்டரி எனக்குத் தேவை. தூசி ஐந்து நாள் நீடித்தால் இருப்பது போதாது என்று மதியமே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் முதல் தடவை கேட்டதும் யாரும் எதையும் வாங்கமாட்டோம். இரண்டாம் தடவை கேட்பார்கள், அப்போதும் மறுப்போம். மூன்றாம் தடவைதான் தட்டை நீட்டுவோம். மரகதம் இன்னொரு தடவை கேட்பார் என்று ஒலிவாங்கியைப் பிடித்தபடி காத்திருந்தேன். எட்டு நிமிடத்தில் மூன்று தடவை கேட்க யாருக்கு நேரம் இருக்கிறது?

நாள் 17. காலை 06:05

வெளியே எதுவும் தெரியவில்லை. சூரியத் தகடுகளில் வரவு 4 சதவீதம். பேட்டரி 70. முட்டைகள் திருப்பப்பட்டன.

நாள் 17. மாலை 17:50

தொடர்பு கிடைக்கவில்லை. இரைச்சல் மட்டும். பேட்டரி 58.

நாள் 18. காலை 06:00

பேட்டரி 44. இரண்டு தட்டுகளுக்கும் வெப்பம் கொடுத்தால் பொரிக்கும் நாளுக்கு முன்பே தீர்ந்துவிடும். ஒரு தட்டை நிறுத்த வேண்டும்.

கீழ்த்தட்டை நிறுத்தினேன். காரணம்: மேல்தட்டில் முட்டைகள் அதிகம்.

நாள் 18. காலை 09:20

மேலே எழுதிய காரணம் பொய். பெருவிடை முட்டைகள் பெருங்குடிலின் நிர்வாகி துரையரசனுடையவை. புறப்படும்போது ஒவ்வொன்றையும் அவரே துணியில் சுற்றிக் கொடுத்தார். அவர் முன் போய் நின்று பதில் சொல்ல எனக்குப் பயம். மரகதம் திட்டமாட்டார் என்று எனக்குத் தெரியும். திட்டாதவருடைய முட்டைகளை நிறுத்தினேன்.

நாள் 19. காலை 08:15

கீழ்த்தட்டு வெப்பம் 22 பாகை. பதினாறு முட்டைகளையும் விளக்கொளியில் பார்த்தேன். அசைவு இல்லை. அரைமணி கழித்து மறுபடியும் பார்த்தேன். இல்லை. நான்காம் விதிப்படி எல்லாம் செத்தவை.

கெட்டுப்போனால் மற்றவற்றையும் கெடுக்கும் என்பதால் தட்டை வெளி நடைவழியில், தனி மின்கலத்தில் ஓடும் காற்றுச் சுத்திகரிப்பானின் மேல் வைத்தேன். உரக்குழியில் போட்டிருக்க வேண்டும், கை வரவில்லை.

மேல்தட்டின் மூடியைப் பூட்டினேன். இனி பொரிக்கும்வரை திறப்பதில்லை.

நாள் 19. மாலை 17:52

மூன்று நிமிடம் தொடர்பு கிடைத்தது. மரகதம் முதலில் என் உடம்பைப் பற்றிக் கேட்டார். பிறகு முட்டைகள். கீழ்த்தட்டில் பதினாறும் கூமுட்டைகள், தொடக்கத்திலேயே கரு இல்லை என்றேன். இந்தப் பொய் வாயில் தயாராக இருந்தது.

"அட விடுங்கய்யா. எங்க சேவலு சோம்பேறி, அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க. உங்களுக்கு ஏதாச்சும் வேணுமுங்களா? தூசி அடங்காட்டியும் மெதுவா ஓட்டிட்டு வந்தர்றேன்."

"வேண்டாம் அம்மா."

எழுதவே கை கூசுகிறது. மறுபடியும் வேண்டாம் என்றேன்.

நாள் 21. காலை 07:30

பேட்டரி 21. வசிப்பறை ஹீட்டரைக் குறைத்தேன். மேல்தட்டில் முதல் ஓடு உடைந்தது 05:12க்கு. கருங்கோழி. அலகு, கால், நாக்கு எல்லாம் கறுப்பு. அதன்பின் பெருவிடை இரண்டு.

நாள் 21. மாலை 18:00

மேல்தட்டில் இருபதில் பதினான்கு பொரித்தன. நிர்வாகியே லைனில் வந்தார். பாராட்டினார். "பேராசிரியர்னா பேராசிரியர்தான்" என்றார். நன்றி சொன்னேன். பின்னால் மரகதம் கைதட்டியது கேட்டது.

பேட்டரி 17. வெளியே தூசி கொஞ்சம் குறைந்திருக்கிறது.

நாள் 22. பகல் 13:05

நடைவழியில் சத்தம். சுத்திகரிப்பானின் விசிறியில் ஏதோ உரசுகிறது என்று நினைத்தேன்.

நாள் 22. பகல் 13:20

விசிறி அல்ல.

தட்டில் பதினொரு முட்டைகளில் கீறல். ஒன்றில் அலகு நுனி வெளியே தெரிகிறது. சுத்திகரிப்பானின் மேற்பக்கம் 36 பாகை. அது சூடாகும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. அன்பினால் அங்கே வைக்கவில்லை. அங்கே தட்டையான இடம் இருந்தது, அவ்வளவுதான். குளிரில் ஒடுங்கிய கரு அசையாது. ஆனால் சாகவில்லை. இதை முதலாண்டு மாணவன்கூட யோசித்திருப்பான்.

நடைவழியில் காற்று 4 பாகை. ஈரத்தோடு வெளியே வந்தால் நிமிடங்களில் விறைத்துவிடும். வெப்ப விளக்குள்ள குஞ்சுப் பெட்டியில் பதினான்கு குஞ்சுகள், அதற்குமேல் இடமில்லை. இரண்டாவது பெட்டிக்கு மின்சாரம் இல்லை.

வசிப்பறை ஹீட்டரை முழுவதும் அணைத்து அந்த மின்சாரத்தைக் கீழ்த்தட்டுக்குக் கொடுத்தேன். தட்டை உள்ளே கொண்டுவந்தேன். பேட்டரி 11.

நாள் 22. மாலை 17:58

பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன், நாக்கு வேறு ஏதாவது சொல்லிவிடும் என்ற பயத்தில். தொடர்பு வந்ததும் படித்தேன்.

"மரகதம் அம்மா. அவை கூமுட்டைகள் அல்ல. நிர்வாகிக்குப் பயந்து உங்கள் தட்டை நிறுத்தினேன். உங்களிடம் பொய் சொன்னேன். அவை உயிரோடு பொரிக்கின்றன. பேட்டரி வேண்டும். முதல் நாளே வேண்டியிருந்தது."

தாளை மடித்து வைத்தேன்.

"எத்தனை?"

"பதினொன்று."

"கிருமி கழுவுன உடுப்பப் போட்டுட்டு வண்டிய எடுக்கறேன். காத்து இன்னும் அடங்கல, விடிஞ்சுதான் வந்து சேருவேன். இனி எங்கிட்ட எதுவும் பேசாதீங்க. குஞ்சுகள மட்டும் பாருங்க."

ஐயா என்று சொல்லவில்லை. சரிதான்.

நாள் 23. காலை 04:40

பேட்டரி 2. கீழ்த்தட்டுக்கு வெப்பம் நின்றுவிட்டது. கழுத்தறுத்தான் ஏழு, சிறுவிடை நான்கு. பதினொன்றையும் சட்டைக்குள் விட்டு, மேலே மூன்று போர்வை. மற்ற பதினான்கும் பெட்டியோடு மடியில். கழுத்தில் இறகில்லாதவை என் கழுத்தருகே ஒட்டிக்கொள்கின்றன. ஒன்று கொத்துகிறது. அதற்கு அந்தப் பெயரை வைக்கவில்லை.

வசிப்பறை 1 பாகை. நடுக்கம் ஒரு மணி நேரமாக இல்லை. இது நல்ல அறிகுறி அல்ல என்று படித்திருக்கிறேன்.

நாள் 23. காலை

நேரம் பார்க்க முடியவில்லை. விரல் மடங்கவில்லை.

தூரத்தில் ஒரு விளக்கு. வண்டியாக இருக்கலாம்.

மரகதம் அம்மா, சட்டைப் பொத்தானைக் கழற்றாதீர்கள், நேரமாகும். கிழித்து எடுங்கள். முதலில் இடப்பக்கம், அங்கே அதிகம்.

முதல் பக்கத்தில் நான்காம் விதி தவறு. நான் எழுதியது அப்படியே இருக்கட்டும், அடிக்க வேண்டாம். அசையாததெல்லாம் செத்தது அல்ல. இரண்டு முறை பார்த்தது போதாது. என்னையும் நீங்கள் வந்ததும் இன்னொரு தடவை