உன் பெட்டியில் நான் இல்லை, எஸ்தர்

என் அன்பான எஸ்தர் அக்காவுக்கு,

என்னைவிட ஆறே மாதம் மூத்த பெரியம்மா மகள் நீ. நீ உயிரோடு இருந்தவரை ஒருநாளும் உன்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை, எப்போதும் "ஏட்டி"தான். எழுத உட்கார்ந்தால் அக்கா என்று வருகிறது. சிரிக்க வேண்டுமென்றால் சிரித்துக்கொள்.

நீ போய் ஐந்து மாதமாகிறது. போன மாதம் உன் வீட்டுக்காரர் வந்திருந்தார். உன் தையல் மிஷின் பக்கத்தில் விளக்கு மினுங்கிக்கொண்டிருக்குமே, அந்தக் கறுப்புப் பெட்டியை என் கையில் தந்தார். "இது அவளுக்கும் ஒனக்கும்தான் வெளங்கும் மக்கா. இதப் பாத்தா அவ அங்கன இருக்கது மாரியே இருக்கு, எனக்கு முடியல்ல" என்றார். இரணியலில் என் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல், மோடத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

நீ அதை வாங்கிய புதிதில் நான் எவ்வளவு கேலி பண்ணினேன்! இணையத்தில் பிடித்த பக்கத்தைப் போனிலேயே குறித்து வைத்தால் போதாதா, அதற்கு வீட்டுக்குள் ஒரு சர்வரா என்று. "ஒருத்தருக்க அட்ரஸ எழுதி வச்சா ஆளு அங்கனயே இருப்பாரா ஏட்டி? நான் ஆளையே கூட்டிட்டு வந்து வீட்டுல வைக்கேன்" என்றாய். லிங்க் மட்டுமல்ல, பக்கம் முழுவதையும் படத்தோடு இறக்கி வைத்தாய். இன்றைக்கு நான் குறித்து வைத்த லிங்குகளில் பாதியைத் தொட்டால் பக்கம் இல்லை என்று வருகிறது. உன்னுடையது எல்லாம் இருக்கிறது.

பெட்டியை ஓடவிட்டதும் முதலில் எதைத் தேடினேன் என்று நினைக்கிறாய்? என் பெயரைத்தான். ஆறு வருடம் சமையல் வலைப்பதிவு எழுதியவள் அல்லவா நான். தலைப்பிலும் இல்லை, நீ போட்ட குறிச்சொற்களிலும் இல்லை. பிறகு சாந்தா என்று அடித்தேன். வந்தது, வந்துகொண்டே இருந்தது. உள்ளித் தீயல், சக்கப் பிரதமன், மரச்சீனி, எரிசேரி, ஒன்று விடாமல். எனக்கு வயிறு எரிந்தது, எஸ்தர்.

நெய்யூர் சாந்தா உனக்கு யார்? அவளும் சமையல் எழுதினாள், நீ படித்தாய், பழகினாய், அவ்வளவுதானே? நாம் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். அவளோடு போனில் ஒரு மணி நேரம் பேசுவாய். நான் கூப்பிட்டால் "அப்பொறம் விளிக்கேன்" என்பாய். அந்த அப்புறத்துக்காக எத்தனை நாள் போனைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன் தெரியுமா?

என் பக்கங்கள் ஏன் இல்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. நம் சபையின் அறுப்பின் பண்டிகைக்கு நீ அவளையும் அழைத்திருந்தாய். காணிக்கைப் பலகாரங்களை ஏலம் விடுவார்களே, அதற்கு நானும் முந்திரிக்கொத்து கொண்டுவந்திருந்தேன், அவளும் கொண்டுவந்திருந்தாள். சபையே பார்க்க நீ கையைத் தூக்கி ஏலம் கேட்டு எடுத்தது அவளுடையதை. திரும்பி வரும் வழியில் நான் கத்தினேன்: "அவ எழுத்து கெடக்க பெட்டியில எனக்குள்ளது கெடக்கண்டாம். எல்லாத்தையும் அழிச்சிரு." நீ "செரி" என்றாய். பிறந்ததிலிருந்து நான் சொன்ன ஒரு பேச்சையும் கேட்காதவள், அதை மட்டும் என்னத்துக்குக் கேட்டாய்?

போன வாரம் சாந்தா என் வீட்டுக்கு வந்தாள். எங்கள் இருவரின் வலைப்பதிவும் இருந்த தளத்தையே மூடிவிட்டார்கள். என்னிடமும் நகல் இல்லை, அவளிடமும் இல்லை. அவள் எழுதியதெல்லாம் அவளுடைய அம்மா சொல்லச் சொல்ல எழுதியதாம். "இப்போ அம்மைக்கு என்னையே அடையாளம் தெரியல்லக்கா. அவிய சொன்னது அதுல மட்டும்தான் உண்டு. எஸ்தர் எடுத்து வச்சிருப்பா, கொஞ்சம் பாத்துச் சொல்லுவியளா?" என்று கேட்டாள்.

"டிஸ்க் போயிட்டு. ஒண்ணும் கிட்டாது" என்றேன். ஃப்ரிட்ஜ் மேல் விளக்கு மினுங்கிக்கொண்டிருக்க, நாக்குக் கூசாமல் சொன்னேன். அவள் "அய்யோ, அப்போ ஒங்களுக்குள்ளதும் போச்சே அக்கா" என்றாள். போட்ட சாயாவைக் குடிக்காமலே போனாள்.

அப்போதாவது எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். பொய் பிடிபட்டுவிடுமே என்ற பயம்தான் வந்தது. மறுநாள் மத்தியானம் சாந்தாவின் பக்கங்கள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தேன். அழித்துவிட்டால் நான் சொன்னது உண்மையாகிவிடும் அல்லவா? அப்படி என்னதான் எழுதிக் கிழித்தாள், ஒன்றையாவது பார்ப்போம் என்று உள்ளித் தீயலைத் திறந்தேன்.

நீ பக்கத்தை அடிவரை இறக்கியிருக்கிறாய். அடியில் வாசகர் கருத்துகள். முதல் கருத்து என்னுடையது. "மல்லி கூடிப்போச்சு. தேங்காயை இன்னும் கறுக்க வறுக்கணும். இது தீயல் இல்லை, வெறும் குழம்பு." கீழே சாந்தா, "நன்றி அக்கா, இனி அப்படியே செய்கிறேன்" என்று எழுதியிருக்கிறாள். அதற்கும் கீழே நீ: "இது என் சித்தி மகள். குறை சொல்லத்தான் வருவாள். ஆனால் தீயலில் இவளை மிஞ்ச ஆள் இல்லை."

ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாவற்றின் அடியிலும் நான் வந்து ஏதோ ஒரு குறை சொல்லியிருக்கிறேன், நீயும் வந்து எனக்காகப் பேசியிருக்கிறாய். நான் ஆறு வருடம் எழுதியதில் மிஞ்சியிருப்பது, அவளைப் பார்த்து நான் பொறாமைப்பட்டது மட்டும்தான். இந்தப் பக்கங்களை நீ அவளுக்காக வைத்தாயா, எனக்காக வைத்தாயா? இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

இன்னொன்றும் உறைத்தது. நான் குழம்பு என்று எழுதியது சாந்தாவின் தீயலை அல்ல, அவளுடைய அம்மாவின் தீயலை.

நான் ஒன்றையும் அழிக்கவில்லை. எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டேன். நாளைக் காலை பஸ்ஸில் நெய்யூர் போகிறேன். டிஸ்க் போகவில்லை, பொய் சொன்னேன் என்று சாந்தாவின் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். பொறாமை போய்விட்டது என்று மட்டும் சொல்ல மாட்டேன், போகவில்லை. நான் இருக்கும்வரை உன் பெட்டியை அணைக்க மாட்டேன், இது சத்தியம். அவளுடைய அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தீயல் பக்கத்தை நானே வாசிப்பேன், என் கருத்தையும் விடாமல் வாசித்து மன்னிப்புக் கேட்பேன். "நீ யாரு மக்களே?" என்றுதான் அந்த அம்மா கேட்பார். எஸ்தரின் தங்கை என்று சொல்வேன்.

உன் சித்தி மகள்,
கிரேஸ்