ஒன்பதால் வகுத்தால் எட்டு மீதி

என் பிரியமான அண்ணே,

நீ போய் மூன்று மாதமாகிறது. உன் செல்போன் நம்பர் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். உன்னைக் கேட்காமல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

நேற்று மண்டபத்தூரில் உன் வீட்டுக்கு வந்திருந்தேன். அண்ணி உன் போனை என் முன்னால் வைத்தார். "இந்த நம்பர விட்டுடலாமா தம்பி? கூட்டினா எட்டு வருது, வேணாம்னு அப்பவே எல்லாரும் சொன்னாங்க. நீங்கதான் ஒண்ணும் ஆவாதுன்னீங்க." கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

ஆமாம், நான்தான் சொன்னேன். சிம் வாங்க காரைக்கால் கடைக்கு நாம் போன நாள் ஞாபகமிருக்கிறதா? பத்து இலக்கத்தையும் விரல்விட்டுக் கூட்டினாய். நாற்பத்து நான்கு. நாலும் நாலும் எட்டு. உன் முகம் சுருங்கிவிட்டது. கடைக்காரர் உடனே வேறொன்றை எடுத்து நீட்டினார். அதே நம்பர்தான், கடைசி இரண்டு இலக்கம் மட்டும் இடம் மாறியிருந்தது. "இது ராசியான நம்பர்ண்ணே" என்றார். நீயும் தலையாட்டினாய்! இலக்கங்களை எப்படி மாற்றிப் போட்டாலும் கூட்டுத்தொகை மாறாதே என்று நான் சிரித்த சிரிப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது.

"எட்டுன்னா, அந்த எண்ண ஒன்பதால வகுத்தா எட்டு மீதி வரும். அவ்வளவுதாண்ணே அர்த்தம்" என்றேன். "நீ படிச்சவன், சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று முதல் நம்பரையே வாங்கிக்கொண்டாய்.

பிறகு ஒரு நாள் கடலில் வலை இழுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். படகு கரைக்கு வருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. வகுத்தலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்குத் தெரியும். தெரியும்தானே?

அண்ணிக்குப் பதில் சொல்லாமல் திரும்பிவிட்டேன். இன்று கோவில்பத்திலிருந்து ஆபீஸ் போகிற பஸ்ஸில் உன் நம்பரைக் கால்குலேட்டரில் வகுத்துக்கொண்டே போனேன். மூன்றால் வகுபடாது. ஒன்பதால் வகுத்து எட்டு மீதி வந்தால், மூன்றால் வகுக்கும்போது இரண்டு மீதி வந்தே தீரும். ஏழு, பதினொன்று, பதின்மூன்று, எதற்கும் மசியவில்லை. பகா எண்தானா என்று உறுதியாகச் சொல்ல ஏறக்குறைய ஒரு லட்சம் வரை பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் நொடியில் சொல்லிவிடும் என்றார் ஆபீஸில் பக்கத்து மேசைக்காரர். நான் போட்டுப் பார்க்கவில்லை. வகுத்துக்கொண்டிருக்கும் வரை அண்ணிக்குப் பதில் சொல்ல வேண்டாமே.

நம்பரை விட்டுவிட்டால் கம்பெனி வேறு யாருக்காவது கொடுத்துவிடும். அவர் கையிலும் அது எட்டுதான் மீதி வைக்கும். அப்படியென்றால் அதில் உன்னுடையது என்று என்னதான் இருந்தது?

இன்னொன்று, அண்ணே. சொல்ல வெட்கமாக இருக்கிறது. போன மாதம் என் மகளுக்கு சிம் வாங்கினேன். கடையிலேயே நின்று கூட்டினேன். எட்டு. பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கி வந்தேன். மீதி, வகுத்தல் எதுவும் அப்போது என் வாயில் வரவில்லை. உன்னிடம் மட்டும் ஏன் அவ்வளவு தைரியமாகச் சொன்னேன்?

நாளை அண்ணியிடம் இதைச் சொல்லிவிடுகிறேன். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். அவர் சம்மதித்தால் உன் நம்பரை என் பேருக்கு மாற்றிக்கொள்கிறேன். பயம் போய்விட்டது என்று நினைக்காதே, போகவில்லை. விஷயம் தெரியாத மீன் வியாபாரி யாராவது உன்னைக் கேட்டுக் கூப்பிட்டால் என்ன சொல்வேன் என்றும் தெரியவில்லை. ஆனால் எடுப்பேன்.

உன் கூடப்பிறந்த ஒரே தம்பி