அனுப்பாத கடிதத்துக்கு வந்த பதில்

மார்ச் 4

வாலுக்கு,

முதலில் என் மானம் போன கதையைக் கேள். மேல்வீட்டில் இருக்கும் நம் குடியிருப்புச் சங்கச் செயலாளர் குளிக்கும்போது பாடுவதைப் பற்றி உனக்கு ஒரு மெயில் எழுதினேன். அது உனக்கு வரவில்லை; குடியிருப்பில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. நேற்று லிஃப்டில் மனிதர் என்னைப் பார்த்து, "சார், உங்களுக்கு எந்தப் பாட்டு புடிக்கும்னு சொல்லுங்க, அதையே பாடிடறேன்" என்றார். ஆயுசு முழுக்க லிஃப்ட் பழுது பார்த்தவன், அந்த லிஃப்ட் கீழே போய்ச் சேருவதற்குள் செத்துப் பிழைத்தேன்.

நீ அனுப்பிய புது ஒட்டு, அதுதான் மெயிலோடு ஒட்டிக்கொள்ளும் அந்தக் குட்டி மென்பொருள், நன்றாக வேலை செய்கிறது. மெயில்களைத் தானே அடுக்கி வைக்கிறது, சமர்த்து. எங்கள் தொழிலில், பழுது பார்த்த லிஃப்டில் மெக்கானிக்தான் முதலில் ஏற வேண்டும். நீ அப்பனை ஏற்றிவிட்டு வெளியே நிற்கிறாய். இருக்கட்டும்.

போன தடவை கொடுத்துவிட்டுப் போனாயே, அந்தப் பென் டிரைவ், என் பழைய கண்ணாடிக் கூட்டில் பத்திரமாக இருக்கிறது. தூசிகூடத் தட்டவில்லை.

இந்த முறையாவது நாலு வரிக்கு மேல் எழுது.

அப்பா

மார்ச் 6

அப்பா,

எல்லோருக்கும் பதில் போடும் பொத்தானைத் தொடாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது? அதை மறைத்து வைக்கத் தனியாக ஒரு ஒட்டு எழுத வேண்டும்போல.

அந்தப் பென் டிரைவைப் பற்றி மெயிலில் எழுதவே எழுதாதீர்கள். அது என் கையெழுத்துச் சாவியின் நகல். கணினியில் லினக்ஸ் வைத்திருப்பவர்களின் பிரவுசருக்கும் மெயிலுக்கும் நாங்கள் கட்டி அனுப்பும் ஒட்டுகளை, என் கையெழுத்து இருந்தால்தான் அவர்கள் மெஷின் ஏற்றுக்கொள்ளும். சாவி வேறொருவர் கையில் கிடைத்தால், என் பெயரைச் சொல்லி எதை வேண்டுமானாலும் உள்ளே இறக்கலாம்.

மெயில் அடுக்கும் இந்த ஒட்டை எழுதிய பழைய ஆள் அதைக் கைவிட்டுவிட்டார். புதிதாக ஒருவர் எடுத்து நடத்துகிறார். நல்ல மரியாதை, கேட்ட மாத்திரத்தில் பதில். கெடு நெருங்குகிறது, அவர் செய்த மாற்றங்களில் பாதியைத்தான் படித்திருக்கிறேன். மீதியைப் படிப்பதற்குள் உங்கள் மெஷினில் ஓடட்டும். உங்கள் கையில் உடையாதது வேறெங்கும் உடையாது. எல்லாம் சரியென்றால் கையெழுத்துப் போட்டு ஊருக்கெல்லாம் அனுப்பிவிடுவேன்.

நாலு வரிக்கு மேல் எழுதிவிட்டேன்.

வால்

மார்ச் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? எனக்கு எப்போதும் உங்கள் நினைவுதான். நீங்கள் கேட்க நினைத்துக் கேட்காமல் விடுவது எனக்குத் தெரியாதா? குளியலறையில் கவனமாக இருங்கள். தனியாக இருக்கிறோம் என்று பயப்படாதீர்கள். அடுத்த மாதம் வந்துவிடுகிறேன். இந்த முறை அவசரமாகத் திரும்ப மாட்டேன்.

ஒரு சிறு உதவி. கண்ணாடிக் கூட்டில் இருப்பதை எடுத்து மெஷினில் செருகி, சிறிது நேரம் அப்படியே விடுங்கள். கிளம்புவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது.

உங்கள் அன்பு மகள்

மார்ச் 11

வாலு,

படித்தேன். மறுபடியும் படித்தேன். ஒரு திட்டுகூட இல்லையே, உனக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?

நீ சொன்னபடியே செருகினேன். அதன் விளக்கு மினுக்கு மினுக்கென்று எரிந்து நின்றது. எடுத்துத் திரும்பவும் கூட்டில் வைத்துவிட்டேன். உன் அறையில் நான் அடைத்து வைத்திருந்த பழைய ஸ்பேனர், கம்பி எல்லாவற்றையும் வெளியே தள்ள ஆரம்பித்தாயிற்று. மெத்தை வெயிலில் கிடக்கிறது.

ஒன்றுதான் புரியவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்ததையும், எழுந்திருக்க முடியாமல் வெகுநேரம் கிடந்ததையும் உனக்கு எழுதினேன்தான். ஆனால் அனுப்பவில்லையே. பாதியில் வெட்கம் வந்து அப்படியே விட்டுவிட்டேன். அனுப்பாத கடிதத்துக்கு எப்படியம்மா பதில் போட்டாய்?

அப்பா

மார்ச் 11, கைபேசியில்

அப்பா அது நான் எழுதலை. மெஷின் வயரைப் பிடுங்குங்க. அதுல இனி ஒரு எழுத்துகூட அடிக்காதீங்க. இப்ப கூப்பிடறேன். எடுங்க.

மார்ச் 14

அப்பா,

பேனா பிடித்து எவ்வளவு நாளாயிற்று. எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

படிக்காமல் விட்ட அந்த மீதிப் பாதியில்தான் திருட்டு வேலை இருந்தது. உங்கள் மெயில், அனுப்பாமல் வைத்தது, அழித்தது எல்லாவற்றையும் அது வெளியே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. என் பெயரில் வந்த அந்தக் கடிதத்தை யாரும் அனுப்பவே இல்லை; உங்கள் மெயில் பெட்டிக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள். படிக்காததை உங்கள் தலையில் கட்டினேன்.

ஒட்டு வெளியே போகவில்லை, நிறுத்திவிட்டேன். என் சாவி செல்லாது என்று அறிவித்துவிட்டேன். நகலுக்குக் கடவுச்சொல் உண்டுதான். பூட்டிய பெட்டியாக இருந்தாலும், திருடன் கைக்குப் போனது போனதுதான். நடந்ததை ஒளிக்காமல் பொதுவில் எழுதினேன். கூட இருப்பவர்கள் யாரும் திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. புதுச் சாவி வேண்டுமென்றால் எங்கள் ஆட்களில் இரண்டு பேர் என்னை நேரில் பார்த்து, இவள்தான் அவள் என்று கையெழுத்துப் போட வேண்டும். இத்தனைக்கும் பிறகு யார் போடுவார்கள்?

அந்த மரியாதைக்காரர் யார், எந்த ஊர், ஒரு ஆளா பல ஆளா, எதுவும் தெரியவில்லை. உங்கள் விலாசம் அவருக்குத் தெரியும். தெரியாதவர் வந்தால் கதவைத் திறக்காதீர்கள்.

விழுந்ததை ஏன் சொல்லவில்லை?

வால்

மார்ச் 19

வாலுக்கு,

எழுத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. மூன்றாம் வகுப்பில் இதைவிட மோசமாக எழுதினாய்.

மெஷின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். ஆனாலும் அதற்கு முன்னால் சட்டை மாற்றக் கூச்சமாக இருக்கிறது. நேற்று மணி அடித்தது. மூச்சுவிடாமல் கதவுக்குப் பின்னால் நின்றேன். "சார், நான்தான் மேல்வீடு. இன்னுமா கோவம்? பாடுறதையே விட்டுட்டேன் சார்!" என்று கத்தினார் செயலாளர். அப்போதும் திறக்கவில்லை. அவர் குரலிலேயே வேறு யாராவது பேசினால்? என் புத்தி அப்படிப் போகிறது. இரவில் லிஃப்ட் நம் மாடியில் நின்றால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். அதன் சத்தம் எல்லாம் எனக்கு அத்துப்படி, இருந்தும்.

உன் முகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட இரண்டு பேர் வேண்டும் என்கிறாய். என்னை அதில் ஒருவனாகச் சேர்த்துக்கொள்ள மாட்டார்களா? கேட்டுப் பார். பிறந்த அன்றைக்கே பார்த்த முகம். நீ பயப்படாதே. நடந்ததை மறைக்காமல் சொன்னவளுக்குக் கையெழுத்துப் போடாதவர்கள் வேறு யாருக்குப் போடுவார்கள்?

அன்று போனில் கேட்டாய்: "அப்பா, படிக்கும்போதே அது நான் எழுதினது இல்லேன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?" நான் சிரித்து, "எனக்கு எங்கே தெரிஞ்சுது, கண்ணாடியே போடலம்மா" என்றேன். நீயும் விட்டுவிட்டாய்.

கண்ணாடி போட்டுக்கொண்டுதான் படித்தேன். இரண்டாவது வரியிலேயே தோன்றியது. நீ இப்படி எழுத மாட்டாய் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்ததே, அம்மா.

அப்பா