மதுக்கரை பஸ்ஸில் ஒரு முழம் மல்லிகை

உக்கடம், கோவை.

அன்புள்ள சைதன்யாவுக்கு,

உக்கடத்தில் லாட்ஜ் நடத்தும் மெஹராஜ் எழுதுகிறேன். உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் நல்ல சுகத்தை வேண்டுகிறேன். உன் அப்பா கோவிந்தராஜுலு ஆடி மாதத்திலிருந்து எங்கள் மாடி அறையில்தான் இருக்கிறார். உனக்கு ஒரு பார்சல் அனுப்பச் சொல்லி விசாகப்பட்டினத்து முகவரியைத் தந்தார். அந்த முகவரிக்குத்தான் இதை எழுதுகிறேன். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

சிங்காநல்லூர் வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறார்கள், அதுவரை தங்குகிறேன் என்றார். எந்த வீட்டுக்கு இத்தனை மாதம் வெள்ளை அடிப்பார்கள்? தினமும் முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்புவார். பஸ் ஸ்டாண்டில் ஒரு முழம் மல்லிகை வாங்குவார். திரும்பும்போது பூ இருக்காது, கண் சிவந்திருக்கும். இந்த வயதில் சின்ன வீடா என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

துப்பறியும் ஆசை யாரை விட்டது? ஒருநாள் மதுக்கரை பஸ்ஸில் அவருக்குப் பின்னால் ஏறினேன். பர்தா போட்டவளை அவர் எங்கே கண்டுபிடிக்கப் போகிறார்? அவர் போய்ச் சேர்ந்த இடம், நினைவு தப்பியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம். உள்ளே உன் அம்மா வரலட்சுமி உட்கார்ந்திருந்தார். பூவை வாங்கிக்கொண்டு, "வாங்க கோவிந்தராஜுலு. தெனமும் வாரீங்களே, உங்க ஊட்டுல தேட மாட்டாங்களா?" என்று கேட்டார். "தேட மாட்டாங்க அம்மணி" என்றார் உன் அப்பா.

வாசலில் என்னைப் பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. திரும்பும் பஸ்ஸில்தான் சொன்னார். வெள்ளை அடிப்பது பொய்யாம், தினமும் மதுக்கரைக்குப் போய்வர வசதி என்றுதான் உக்கடத்தில் தங்கினாராம். "கல்யாணமான நாள்ல இருந்து எம்பேரு அவ வாயில வந்ததே இல்லீங்க. ரேஷன் கடையில கேட்டாக்கூட புள்ளையத்தான் சொல்லச் சொல்லுவா. இப்ப வேத்தாளுன்னு நெனச்சுத்தானுங்க பேரச் சொல்றா." சொல்லிவிட்டு, ஆள்கள் பார்க்கப் பார்க்க அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

உன் காதல் கல்யாணத்தால் அம்மா கோபமாக இருக்கிறார், போனுக்கு வரமாட்டார் என்று அவர் உன்னிடம் சொன்னது பொய், கண்ணு. கோபம் என்றால் என்றைக்காவது தணியும் என்று நீ நம்பிக்கையோடு இருப்பாயாம். அதனால் மறைத்தாராம். ஆனால் உன் அம்மாவுக்கு இப்போது சோறு விழுங்குவதும் மறந்துகொண்டு வருகிறது. அதிக நாள் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

உடனே கிளம்பி வா. உன் அப்பாவிடம் சண்டை போடாதே, பாவம் மனிதர். அம்மா உன்னை யாரென்று கேட்பார். மகள் என்று சொல்லாதே. நான்தான் உன் புருஷன் என்று உன் அப்பா ஒருமுறை சொல்லப்போய், அம்மா அன்று முழுக்கப் பயந்து அழுதாராம். உன் பெயரை மட்டும் சொல், போதும். பக்கத்தில் உட்காரச் சொல்லி, அவர் உன்னைச் சைதன்யா என்று கூப்பிடுவார். அதை நீ ஒருமுறை கேட்கும்வரைக்காவது அல்லாஹ் அவருக்கு ஆயுள் கொடுக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்கிறேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
மெஹராஜ்